5 கிலோமீட்டர்னு எழுதி வெச்சுட்டு 4,850 மீட்டர் ஓடவிடாதீங்க!

அமெரிக்க ஹைஸ்கூல் கிராஸ் கண்ட்ரியில, அதாவது புல்லு, மண்ணு, மேடுன்னு பசங்க ஓடுற பந்தயத்துல, இந்தச் சனிக்கிழமையும் அதேதான். ரிசல்ட் பட்டியல் தலைப்புல 5,000 மீட்டர்னு கொட்டை எழுத்து. கீழே முக்கால்வாசிப் பேருக்கு பெர்சனல் பெஸ்ட், அவங்கவங்க இதுவரை ஓடினதுலயே நல்ல நேரம். போன வாரம் 16:00 (16 நிமிஷம்) ஓடின பையன் 15:31. போன வாரம் 20:00 ஓடின பொண்ணு 19:23. அவனுக்கும் 3 சதவீதம், அவளுக்கும் 3 சதவீதம், கடைசியா மூச்சு வாங்கிட்டு வந்த குழந்தைக்கும் அதே 3 சதவீதம். இந்தப் பந்தயங்களைப் பார்க்கிற யாருக்கும் இதுக்கு மேல சொல்ல வேண்டியதில்ல. ஒருத்தன் முன்னேறினா பயிற்சி. பத்துப் பேர் முன்னேறினா குளிர்ச்சியான காலை. மொத்தக் கூட்டமும் ஒரே விகிதத்துல முன்னேறினா கோர்ஸ், அதாவது ஓடுற பாதை, நீளம் குறையுது. அவ்வளவுதான்.

3 சதவீதம்னா 150 மீட்டர். ஒரு கால்பந்து மைதானத்தோட நீளத்தைவிட அதிகம். அவ்வளவு தூரம் எப்படிக் காணாமப் போகும்? எப்படின்னு படிப்படியா சொல்றேன், கேளுங்க. ஏன்னா எல்லா இடத்துலயும் இதே நாலு தப்புதான்.

முதல்ல வளைவு. அளக்கப் போனவர் மெஷரிங் வீலை (உருட்டினா தூரம் காட்டுற சக்கரம்) பாதையோட நடுவுல தள்ளிட்டுப் போறார். ஓடுற பசங்க நடுவுலயா ஓடுவாங்க? திருப்பத்துல வெச்சிருக்கிற உள்பக்க பிளாஸ்டிக் கோனை (cone) உரசிக்கிட்டுத்தான் திரும்புவாங்க, அப்படித்தான் ஓடவும் வேணும். 2 மீட்டர் வெளியே தள்ளி அளந்தா ஒவ்வொரு செங்கோணத் திருப்பத்துக்கும் 3.14 மீட்டர் போச்சு. முழுசா சுத்தித் திரும்பி வர்ற ஹேர்பின் வளைவுன்னா ஒண்ணுக்கே 6.28. ஒரு பூங்காவுக்குள்ளயே 5 கிலோமீட்டரை அடக்கணும்னு இருபது திருப்பம் வெச்சிருக்கீங்களே, 63 மீட்டர் அங்கயே காலி.

அடுத்தது அந்த வீல். கான்கிரீட்ல சரியா காட்டுறது புல்தரையில சரியா காட்டாது. புல் கட்டி, குழி, மேடு எல்லாத்துலயும் ஏறி இறங்குது. தள்ளுறவர் கை நேரா போறதில்ல, பாம்பு மாதிரி நெளியுது. சக்கரம் சுத்தினதெல்லாம் கணக்குல ஏறுது. கவுன்ட்டர் 5,000 காட்டும்போது நிஜத்துல 4,950தான் வந்திருக்கும். இதே வீல் மேடு தட்டிக் காத்துல எகிறினா கணக்கு விட்டுப்போய்க் கோர்ஸ் நீளமாவும் ஆகும். எந்தப் பக்கம் தப்பும்னு ஊகிக்க முடியாது. அதனாலதான் அதே புல்லுல 100 மீட்டர் ஸ்டீல் டேப்பை விரிச்சு, வீலை நாலு தடவை உருட்டி, எவ்வளவு கூடக் குறையக் காட்டுதுன்னு பார்க்கச் சொல்றோம். அரை மணி நேர வேலை! அதைச் செய்ய மனசு வரல.

அப்புறம் ராத்திரி மழை. பசங்க கிளம்புற ஸ்டார்ட் பாக்ஸ்ல சேறு. கோட்டை 25 மீட்டர் முன்னாடி போட்டாங்க. குழந்தைங்க வழுக்கி விழக்கூடாது, அது நியாயம். அந்த 25 மீட்டரை வேற எங்கயாவது சேர்த்தீங்களா? ஒரு கொடிக் கம்பத்தைப் பன்னிரண்டரை மீட்டர் தள்ளி நட்டுட்டு, பசங்க அதுவரை போய்த் திரும்புற மாதிரி வெச்சிருந்தா சரியாப் போயிருக்கும். கடைசியில ஃபினிஷ்: நேரத்தைப் பதிவு பண்ற டைமிங் மேட்டோட (தரையில விரிக்கிற பாய்) வயர் எட்டலன்னு 15 மீட்டர் இந்தப் பக்கம் இழுத்தாச்சு.

63, 50, 25, 15. கூட்டுங்க, 153 மீட்டர். 16:00 வேகத்துல மீட்டருக்கு 0.192 விநாடி, ஆக 29 விநாடி. அந்தப் பையனோட 15:31 எங்கேருந்து வந்துச்சுன்னு இப்பத் தெரியுதா? அவன் போன வாரம் ஓடின அதே வேகத்துலதான் இந்த வாரமும் ஓடியிருக்கான். வீட்டுல கேக் வெட்டிட்டாங்க. ரெண்டு வாரம் கழிச்சு ஒழுங்கா அளந்த கோர்ஸ்ல 15:58 வரும். நிஜத்துல அது அவனோட முன்னேற்றம், ஆனா அவன் தலையைத் தொங்கப் போட்டுட்டு நிப்பான். அந்த முகத்தைப் பார்த்தா வயிறு எரியுது.

உடனே ஒருத்தர் வருவார், "என் பையனோட ஜிபிஎஸ் வாட்ச் 3.1 மைல், அதாவது 5 கிலோமீட்டர், காட்டுச்சே"ன்னு. ஐயா, அது டேப் இல்ல. வாட்ச் இடையிடையே புள்ளி வெச்சு அதையெல்லாம் நேர்கோட்டுல இணைக்குது. நெருக்கமான வளைவுகளை வெட்டிக் குறைக்கும். மரத்தடியில சிக்னல் தடுமாறினா அங்கயும் இங்கயும் குதிச்சுத் தூரத்தைக் கூட்டும். ஒரே பந்தயத்துல ஓடின நாலு பேர் வாட்சை வரிசையா வெச்சுப் பாருங்க, நாலும் நாலு விதமா இருக்கும். அதுல பெரிசா இருக்கிற எண்ணை மட்டும் எடுத்துட்டு வந்து வாதாடினா எப்படி?

இதுல ஆத்திரம் வர்றது எதுக்குன்னா, 5,000ன்னு பொய் சொல்லணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. ஹைஸ்கூல் விதிப்புத்தகமே 2,500லேருந்து 5,000 மீட்டர் வரைக்கும் இடம் கொடுக்குது. கலிஃபோர்னியாவுல மவுன்ட் சாக் கோர்ஸ் 2.93 மைல், அப்படியேதான் சொல்றாங்க. பெல்மான்ட்ல கிரிஸ்டல் ஸ்ப்ரிங்ஸ் 2.95. நியூயார்க் வான் கோர்ட்லண்ட் பூங்காவுல ஹைஸ்கூல் பசங்க தலைமுறை தலைமுறையா ஓடுறது 2.5 மைல். யாராவது அந்த இடங்களைக் குறைச்சுப் பேசுறாங்களா? இலினாய்ல பியோரியா டெட்வைலர் பூங்காவுல 3 மைல். அங்க 1972ல கிரெய்க் விர்ஜின்னு ஒரு ஹைஸ்கூல் பையன் ஓடின 13:50.6ஐ மாநிலப் போட்டியில 2019 வரைக்கும் யாரும் தாண்டல. அந்த 47 வருஷத்துக்கு அர்த்தம் இருக்குன்னா, 3 மைல்னு சொல்லி 3 மைல் ஓடவிட்டதாலதான். 3 மைலுக்கும் 5 கிலோமீட்டருக்கும் 172 மீட்டர் வித்தியாசம். 3 மைல்ல 15:00ன்னா 5 கிலோமீட்டருக்கு அதே வேகத்துல 15:32. ரெண்டையும் ஒரே பட்டியல்ல கலந்து போடுறவங்களையும் சேர்த்துத்தான் திட்டுறேன்.

பொய்யான கோர்ஸால யாருக்கு அடி? நிஜமாவே வேகமா ஓடுறவனுக்கு. 2021 டிசம்பர்ல அலபாமா ஹண்ட்ஸ்வில்ல காலின் சால்மன்னு ஒரு ஹைஸ்கூல் பையன் 5 கிலோமீட்டரை 14:03ல ஓடினான். உடனே என்ன பேச்சு? "கோர்ஸ் எவ்வளவு நீளம்?" அடுத்த வருஷமே மைலை 4 நிமிஷத்துக்குள்ள ஓடிக் காட்டின பையன் அவன்! ஆனா வாரா வாரம் குறைஞ்ச கோர்ஸைப் பார்த்துப் பார்த்து எல்லாருக்கும் நம்பிக்கை போயிடுச்சு. இந்தப் பக்கம், மேடும் மரவேருமா இருக்கிற முழு 5,000ல 16:20 ஓடின பொடியன் மாநிலப் பட்டியல்ல நூறு இடம் கீழ கிடக்கிறான். அணிக்கு ஆள் தேடுற காலேஜ் கோச் அந்தப் பட்டியலைத்தான் முதல்ல திறக்கிறார்.

கிராஸ் கண்ட்ரியில உலக சாதனைன்னு ஒண்ணு கிடையாது. கோர்ஸுக்குக் கோர்ஸ் மண்ணும் மேடும் மாறும், அதனால வைக்கல. ஸ்கோர்கூட இடத்தை வெச்சுத்தான்: ஒவ்வொரு அணியிலயும் முதல் அஞ்சு பேரோட இடத்தைக் கூட்டுவாங்க, குறைஞ்ச கூட்டுத்தொகைதான் ஜெயிக்கும்; 1+2+3+4+5, அதாவது 15தான் மிகச் சிறந்தது. நேரத்தை வெச்சு விளம்பரம் பண்ணியே தீரணும்னா அளந்துட்டுப் பண்ணுங்க. உள்கோட்டை ஒட்டி ரெண்டு தடவை அளங்க. ரெண்டுக்கும் 5 மீட்டருக்கு மேல வித்தியாசம் வந்தா மூணாவது தடவை. அளந்த உடனே திருப்பங்கள்ல கம்பு நட்டுக் கயிறு கட்டுங்க, வெறும் கோனை எவன் வேணா காலால தள்ளிடுவான். ஸ்டார்ட்டையும் ஃபினிஷையும் பக்கத்து மரம், விளக்குக் கம்பத்துலேருந்து அளந்து எழுதி வைங்க, அடுத்த வருஷம் வேற ஆள் வந்தாலும் அதே இடத்துல போடட்டும். காலையில கோட்டை நகர்த்தினா 4,975ன்னு எழுதுங்க. யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

இன்னொண்ணு. ஆயிரம் குழந்தைங்க ஓட வர்ற இடத்துல விரல் விட்டு எண்ணுற அளவுக்குக் கழிவறை வைக்கிறீங்களே, அது என்ன கணக்கு? "இன்னும் ரெண்டு நிமிஷம்"னு ஸ்டார்ட்டர் கத்துறார். அங்க ஒரு பொண்ணு, ஸ்பைக் ஷூவோட லேஸ்கூடக் கட்டாம, வரிசையில பதினாலாவது ஆளா நின்னு அழுதுட்டிருக்கா.