மலைக்கு விதைப்பந்து எடுத்துப் போகாதீர்கள்

ஜூன் பிறந்தால் போதும், வடசென்னையில் தண்டையார்பேட்டை தொடங்கி எண்ணூர் வரை பள்ளிகளிலும் இளைஞர் மன்றங்களிலும் விதைப்பந்து உருட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். நல்ல மனசுதான். ஆனால் அந்தப் பந்துகளை வேனில் ஏற்றிக்கொண்டு போய் ஊட்டி, கொடைக்கானல் புல்வெளிகளில் வீசுவதை தயவுசெய்து நிறுத்துங்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 1,500 மீட்டருக்கு மேலே போனால் பள்ளங்களில் சோலைக்காடு, மேடுகளில் புல்வெளி. அந்தப் புல்வெளி யாரோ மரம் வெட்டியதால் வந்த மொட்டை நிலம் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகவே புல்வெளி. டிசம்பர், ஜனவரி இரவுகளில் திறந்தவெளியில் உறைபனி விழும், சோலை மரத்தின் கன்று அதில் கருகிவிடும். பெரிய மரங்களின் நிழலுக்குள் அவ்வளவு குளிர் இறங்காது, அங்கே கன்று பிழைக்கும். காட்டுக்கும் புல்லுக்கும் எல்லை போட்டு வைத்திருப்பதில் இந்தப் பனிக்குப் பெரிய பங்கு உண்டு.

இரவுகள் சூடாகி பனி குறைந்தால் சோலை பரவுமே, நல்லதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. பரவுவதில் முந்திக்கொள்வது வாட்டில் என்ற வெளிநாட்டு மரம். ஆவாரம்பட்டை போலவே தோல் பதனிட உதவும் பட்டை என்று இந்த ஆஸ்திரேலிய மரத்தைக் கொண்டுவந்து மலை முழுக்க நட்டார்கள். மாதவரம் பக்கத்துத் தோல் தொழிலை அறிந்தவர்களுக்குப் பட்டையின் அருமை தெரியும். வாட்டில் பனியையும் தாங்கும், மட்டமான மண்ணிலும் வேகமாக வளரும். பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி மரத்தோட்டங்களுக்கும் விவசாயத்துக்கும் பலியாகிவிட்டது. வெப்பம் கூடினால் சோலை மரங்கள் இன்னும் உயரத்துக்குப் போக வேண்டும். தொட்டபெட்டா 2,637 மீட்டர், ஆனைமுடி 2,695 மீட்டர், அதோடு மலை முடிந்தது.

இனி விதைக்கு வருவோம். சோலையின் நாவல், லவங்க வகை மரங்களின் விதை காய்ந்தால் செத்துவிடும். விதைப்பந்தோ காயவைத்துத்தான் செய்யப்படுகிறது. பழம் விழுந்ததும் பொறுக்கி, சதையைக் கழுவி, ஓரிரு நாளில் நிழலில் ஈர மணலில் போட வேண்டும். உத்திராட்ச வகைக்குக் கொட்டை கெட்டி, முளைக்கப் பல மாதம் பிடிக்கும். காட்டுப் பூவரசு, அதாவது மலையில் வளரும் ரோடோடென்ட்ரான் (நம் தெருப் பூவரசு அல்ல), அதன் விதை தூசி மாதிரி இருக்கும். சலித்த மண்மேல் தூவிவிட்டு, மூடாமல், மெல்லிய தெளிப்பில் ஈரம் காக்க வேண்டும். குழாயைத் திறந்துவிட்டால் அத்தனையும் அடித்துக்கொண்டு போய்விடும்.

முளைத்த பிறகு பாதி வெயிலை மறைக்கும் நிழல்வலைக்கு அடியில் ஒன்றரை இரண்டு வருடம் வளர வேண்டும். பையில் அதிகநாள் கிடந்தால் வேர் சுருண்டு, நட்ட பிறகு மரம் நிற்காது, அதனால் பெரிய பைக்கு மாற்றியே ஆக வேண்டும். நடுவதற்கு முன் ஒரு மாதமாவது நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பழக்க வேண்டும். நடும் இடம் சோலையின் ஓரம், புல்வெளி அல்ல.

நம் பந்துகளில் இருப்பது வேம்பும் புங்கனும். உறைபனியில் அவை நிற்காது. சவுண்டல் (சுபாபுல்) என்ற வேகமாகப் பரவும் வெளிநாட்டு மரத்தின் விதை கலந்திருந்தால் அது போகும் வழியிலேயே வேர்பிடித்து இன்னொரு தொல்லையாகும்.

வாட்டிலை வெட்டுவதிலும் அவசரம் ஆகாது. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும். மொத்தமாக வெட்டினாலோ தீ வைத்தாலோ அடுத்த மழையில் பாய் விரித்த மாதிரி முளைக்கும். புல்வெளியில், இடுப்பளவு வளரும் முன்பே மழை ஈரத்தில் வேரோடு பிடுங்கி, வருடாவருடம் திரும்பப் போய்ப் பிடுங்க வேண்டும். சோலையை ஒட்டிய பழைய வாட்டில் தோப்பின் நிழலில் சோலைக் கன்றுகளே தானாக வளர்ந்துகொண்டிருக்கலாம். அங்கே ஒரேயடியாக வெட்டினால் பனியும் வெயிலும் அவற்றை முடித்துவிடும். சில சில மரங்களாக எடுப்பதுதான் சரி.

சென்னைக்கு வரும் வீராணம் ஏரித் தண்ணீர் காவிரித் தண்ணீர், காவிரியில் சேரும் பவானிக்கு ஊற்று அந்த மலைகள். 2019 ஆகஸ்டில் நீலகிரி அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழையை நின்று வாங்கப் புல்லும் சோலையும் வேண்டும்.

நட வேண்டும் என்று கை துறுதுறுத்தால் நம் தெருவில் பூவரசும் புங்கனும் நடுங்கள், உப்புக்காற்றைத் தாங்கும். மலைக்காகப் பணம் தருவதானால், விதை அதே மலையில் பொறுக்கியதா, மூன்றாம் வருடம் வாட்டில் பிடுங்கவும் களையெடுக்கவும் கூலி ஒதுக்கியிருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். நட்ட எண்ணிக்கையை மட்டும் சொல்கிறவர்களிடம், போன வருடம் நட்டதில் எத்தனை உயிரோடு இருக்கிறது என்றும் கேளுங்கள்.