நுரை வராததற்குச் சோப்பு என்ன செய்யும்?

அப்பாவின் டிரங்குப் பெட்டியைக் குடைந்தபோது பழைய ஷேவிங் சோப்பு நான்கு வில்லை கிடைத்தது. கோலார் தங்கவயலில் சுரங்கத்தை மூடியது 2001இல். அதற்கு முன்பே வாங்கி வைத்தது என்கிறார். மேல்தாள் அழிந்து கம்பெனிப் பெயர்கூடத் தெரியவில்லை. சுருங்கி, நடுவில் வெடிப்பு விட்டு, கருப்பட்டி மாதிரி இறுகிக் கிடந்தது.

எனக்கு ஆசை. மறுநாள் காலையே பிரஷை நனைத்துத் தேய்த்தேன். நுரை என்று ஏதோ வந்தது. கன்னத்துக்குப் போவதற்குள் அமுங்கிவிட்டது. பிளேடு வைத்தால் ஒரே எரிச்சல். குப்பைக்கூடை வரை கொண்டுபோய்விட்டேன். அப்பா எட்டிப் பார்த்து, "சோப்பு என்னடா பண்ணும்? இங்க தண்ணி அப்படி. நாங்க தங்கவயல்ல பேத்தமங்கலா ஏரித் தண்ணியில போட்டோம்" என்றார்.

சுரீரென்றது. நாங்கள் இருப்பது பெங்களூரில், ஒயிட்ஃபீல்டு பக்கம். காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டத்தை 2024 அக்டோபரில் திறந்தார்கள், எங்கள் அடுக்ககத்துக்கு இன்னும் போர்வெல்லும் டேங்கரும்தான். வாட்டர் ஹீட்டர் ராடில் வெள்ளையாகப் படிகிறதே, அதே கால்சியமும் மெக்னீசியமும்தான் இங்கேயும் வில்லன். சோப்பிலுள்ள கொழுப்பு அமிலத்தைப் பிடித்துக்கொண்டு கரையாத பிசுக்காக மாறிவிடும். பக்கெட் ஓரத்தில் ஒட்டுகிற அழுக்கு வளையம் அதுதான். தண்ணீரில் இருக்கிற கால்சிய, மெக்னீசிய உப்பெல்லாம் தன் பங்கைத் தின்று முடித்த பிறகு மிஞ்சுகிற சோப்புதான் நுரைக்கும்.

அன்று மாலை ஆர்.ஓ. தண்ணீர் அரை டம்ளர் எடுத்தேன். ("ஷேவிங்குக்குக் குடிக்கிற தண்ணியா?" என்றாள் மனைவி. அரை டம்ளர்தானே அம்மா.) வில்லையின் மேல்தோல் பழுப்பேறி வாசனை போயிருந்தது, அதைக் கத்தியால் லேசாகச் சுரண்டினேன். எண்ணெய்ச் சிக்கு வாடை உள்ளே வரைக்கும் அடித்தால் தயங்காமல் தூக்கிப் போடுங்கள். இதில் அடிக்கவில்லை. மேலே ஒரு ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டேன். ஈரமெல்லாம் வற்றிய சோப்பு, முதலில் அது குடிக்கட்டும். பிரஷை ஊறவைத்து நன்றாக உதறி, வில்லையின் மேல் ஒரு நிமிடம் முழுக்கச் சுழற்றினேன். ஆரம்பத்தில் பெரிய பெரிய குமிழி. அப்புறம் குமிழி மறைந்து பிரஷ் நுனியில் பசை மாதிரி ஏறியது. அதைக் கிண்ணத்துக்கு மாற்றி, நாலைந்து சொட்டு விட்டு அடிப்பது, மறுபடி சொட்டு, மறுபடி அடிப்பது. மூன்றாவது தடவையில் பளபளப்பு வந்தது. பிரஷைத் தூக்கினால் கெட்டித் தயிர் மாதிரி முனை நின்றது. கிண்ணத்தைக் கவிழ்த்தேன், விழவில்லை.

குமிழி குமிழியாகப் பொங்கினால்தான் நல்ல நுரை என்று விளம்பரங்கள் நம்மைப் பழக்கி வைத்திருக்கின்றன. டப்பாவை அமுக்கினால் வருகிற ஃபோம் வாயுவை வைத்து ஊதிய சமாச்சாரம். எனக்கு அதில் மரியாதை இல்லை, அவசரத்துக்கு ஆகும், அவ்வளவுதான். ஷேவிங் நுரையில் குமிழி கண்ணுக்கே தெரியக் கூடாது. அந்த நெருக்கம் ஸ்டியரிக் அமிலம் என்கிற கொழுப்பு அமிலத்தால் வருவது. பொட்டாசியம் சோப்பு சீக்கிரம் கரையும், சோடியம் சோப்பு கெட்டியாக நிற்கும், ஷேவிங் சோப்பில் இரண்டையும் கலப்பார்கள். குளிக்கிற சோப்பில் இந்தக் கலவை இல்லை. அதைத் தேய்த்துக்கொண்டு ஷேவ் செய்தால் பாதிக் கன்னத்திலேயே காய்ந்துபோவது இதனால்தான்.

எங்கள் அடுக்ககத்தில் ஸாஃப்ட்னர் பிளான்ட் உண்டு, தண்ணீரிலுள்ள கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் ரெசின் மணிகளில் பிடித்துக்கொள்கிற கருவி. உப்புக் கரைசல் விட்டு அவ்வப்போது கழுவினால்தான் அதன் ரெசின் வேலை செய்யும். "எல்லாம் கரெக்டா நடக்குது சார்" என்பதுதான் பராமரிப்பு ஆட்களிடம் இத்தனை நாள் கிடைத்த பதில். முடி கொட்டுகிறது என்று சொன்னவர்களிடம் ஷாம்பூவை மாற்றச் சொன்னார்கள்.

இரண்டு பாட்டில் எடுத்தேன். ஒன்றில் ஆர்.ஓ. தண்ணீர், மற்றதில் குழாய்த் தண்ணீர். இரண்டிலும் அதே சோப்பிலிருந்து சுரண்டிய தூள் ஒரு சிட்டிகை. குலுக்கினேன். முதல் பாட்டிலில் கழுத்து வரை நுரை. இரண்டாவது, கழுநீர் மாதிரி கலங்கி மேலே பிசுக்கு மிதந்தது. படம் எடுத்து அடுக்கக வாட்ஸ்அப் குழுவில் போட்டேன், ஒரு வார்த்தை எழுதவில்லை.

நான்காம் நாள் கீழே உப்பு மூட்டை வந்து இறங்கியது. குழாய்த் தண்ணீரிலேயே இப்போது சுமாராக நுரை வருகிறது. அப்பா மட்டும் நம்பவில்லை. காலையில் டம்ளரோடு ஆர்.ஓ. பக்கத்தில் வந்து நிற்கிறார்.