அந்தக் கட்டத்தில் இருக்க வேண்டியது என் பெயர்

நான் இசை அமைத்துக் கொடுத்த ஒரு பாடல் ஞாயிற்றுக்கிழமை வெளியானது. அதன் விவரங்களில் புரொடியூசர் என்ற கட்டத்தில் என் பெயர் இல்லை. அந்தப் பாடலையும், இதைப் பற்றி அதன் கீழே இரண்டு நாளாக நடந்த வாக்குவாதத்தையும் இங்கே பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். கோபத்தில் எழுதினால் பாடிய தம்பியின் மனம் நோகும் என்பதால்தான் நேற்று வரை நான் பதில் எழுதவில்லை. ஆனால் "மிக்ஸிங்குக்கு அண்ணாவுக்கு காசு குடுத்தாச்சே" என்று அவரே எல்லோரும் பார்க்க எழுதிவிட்டார். இனியும் பேசாமல் இருந்தால் அதை நானும் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

மிக்ஸிங் என்றால் பதிவு செய்த ஒலிகளை அளவாகக் கலந்து ஒன்றாக்குவது. அந்தப் பாடலுக்கு நான் செய்தது அது மட்டுமில்லை. அவர் கொண்டுவந்தது கைப்பேசியில் முணுமுணுத்துப் பதிவு செய்த ஒன்றரை நிமிட மெட்டு. பல்லவி இருந்தது, சரணம் பாதியில் நின்றிருந்தது. அவருடைய குரலுக்கு ஏற்ற சுருதியை முடிவு செய்து, நடையை சிக்ஸ் எய்ட் என்கிற தாளக் கணக்குக்கு மாற்றி, இடையிசை இரண்டையும் அமைத்து, பேஸ் கிட்டாரை நானே வாசித்து, வளசரவாக்கத்தில் என் படுக்கையறையையே ஸ்டுடியோவாக்கி வைத்திருக்கும் இடத்துக்குப் புல்லாங்குழல் கலைஞரை வரவழைத்து, கீழ்வீட்டு மோட்டாரும் தெருவின் வண்டிச் சத்தமும் அடங்கிய இரவு 11 மணிக்கு மேல் பதிவு செய்து, ஒரே சரணத்தை அவர் மூச்சுத் தடுமாறாமல் பாடும் வரை 4 மணி நேரம் கூடவே உட்கார்ந்து, கடைசியில் தனித்தனியாகப் பதிவான 46 டிராக்குகளையும் ஒன்றாக நிற்க வைத்தேன். 11 நாள் வேலை. இத்தனைக்கும் சேர்த்துத்தான் மியூசிக் புரொடக்‌ஷன் என்று பெயர். இதைச் செய்தவரைத்தான் அந்தப் பாடலின் புரொடியூசர் என்கிறோம்.

ஸ்பாட்டிஃபையில் அந்தப் பாடலின் விவரங்களைத் திறந்து பாருங்கள். பாடியவர், எழுதியவர் என்ற தலைப்புகளுக்குப் பிறகு புரொடியூசர் என்ற தலைப்பு வரும். அதன் கீழே வீடியோவுக்குப் பணம் போட்ட அவருடைய தாய்மாமாவின் பெயர் இருக்கிறது. யூடியூப் குறிப்பில் ட்ரோன் இயக்கியவர் முதல் படப்பிடிப்புக்குச் சாப்பாடு கொடுத்தவர் வரை எல்லோருடைய பெயரும் வந்திருக்கிறது. அது நல்ல வழக்கம், அவர்களும் உழைத்தவர்கள். என் பெயர் கடைசியில், நன்றி சொல்லும் வரிசையில், நண்பர்களுக்கு நடுவே இருக்கிறது.

இதை வேண்டுமென்றே செய்தார் என்று நான் நினைக்கவில்லை. தமிழில் தயாரிப்பாளர் என்றால் பணம் போடுகிறவர். சினிமா அந்தச் சொல்லை அப்படித்தான் நம் காதில் ஏற்றியிருக்கிறது. சட்டமும் எங்களுக்கு உதவுவதில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், ஒலிப்பதிவை உருவாக்க முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்துக்கொள்பவரையே தயாரிப்பாளர் என்கிறது. அந்த ஒலிப்பதிவின் ஆசிரியராகவும் அவரையே கொள்கிறது. நடைமுறையில் அது பணம் போட்டவர், அல்லது இசை நிறுவனம். இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் போன்றவர்கள் போராடிப் பெற்ற 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தால், உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டாலும் ராயல்டியில் தங்களுக்குரிய பங்கை இழக்காத நிலை பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் கிடைத்தது. அவர்களுக்குக் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் மெட்டுக்கு உடல் கொடுத்தவர் என்று தனியாக ஓர் ஆள் அதில் இல்லை. இசையமைப்பில் இவருக்கும் பங்குண்டு என்று கூட இருப்பவர்கள் ஒப்புக்கொண்டு எழுதினால்தான் பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் அமைப்பின் வழியாக எனக்கு ஏதாவது வர வாய்ப்புண்டு. எழுதாவிட்டால் அந்தப் பாடலில் நான் இல்லை. பெயர் போடுங்கள் என்று நான் திரும்பத் திரும்பக் கேட்பது இதனால்தான்.

"காசு வாங்கிட்டீங்களே, அப்புறம் என்ன?" என்று கேட்கிறார்கள். வாங்கினேன். 15,000 ரூபாய். புல்லாங்குழல் கலைஞருக்கு அதிலிருந்துதான் 4,000 கொடுத்தேன். ஒப்புக்கொண்ட தொகை அது, குறையென்று எங்கும் சொன்னதில்லை. ஆனால் பாடலாசிரியரும் பணம் வாங்கினார், வீடியோ இயக்குநரும் வாங்கினார், அவர்களுடைய பெயர் அப்படியே இருக்கிறதே. கூலி வாங்கியதும் பெயர் அழியும் வழக்கம் எனக்கு மட்டும் எப்படி வந்தது? இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாடலின் ஒலிப்பதிவுக்கு ஸ்பாட்டிஃபை 2024 முதல் பணமே தருவதில்லை. அந்த எண்ணிக்கையைத் தாண்டிய பாடல்களிலும் வருகிற தொகை என் அறையின் ஒரு மாத மின்கட்டணத்துக்குப் போதாது. தனியாக வேலை செய்கிறவருக்கு அடுத்த வேலை, முந்தைய பாடலில் இருக்கும் பெயரைப் பார்த்துத்தான் வருகிறது. அதையும் எடுத்துவிட்டால் எங்களுக்கு மிஞ்சுவது என்ன?

லூப், அதாவது திரும்பத் திரும்ப ஒலிக்கும் தயார்நிலைத் துணுக்கு, எடுத்துப் போட்டதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா, ஏஐ ஐந்து நிமிடத்தில் செய்துவிடும் என்று ஒருவர் எழுதியிருந்தார். பாடல் முழுவதிலும் இருப்பது ஒரே ஒரு ஷேக்கர் லூப். அது கிடக்கட்டும். ஏஐ செய்துவிடும் என்றால், அந்தத் தம்பி கொட்டும் மழையில் இரண்டு பேருந்து மாறி என் வீட்டு வாசலில் வந்து நின்றது எதற்காக?

ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டும் என்கிறவர்கள் சொல்வது சரி. அதை நான் மறுக்கவில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் வேறொரு பாடகரிடம், யாருக்கு எந்தப் பெயர், யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரே பக்கத்தில் எழுதி நீட்டினேன். "என் மேல நம்பிக்கை இல்லையாண்ணா?" என்று கேட்டார். அடுத்த வாரம் வேறொருவரிடம் போய்விட்டார். அதன் பிறகு தாளை நீட்ட எனக்குத் தயக்கம் வந்துவிட்டது. அது என் தவறு. ஆனால் 2021இல் வெளிவந்து ஊரெல்லாம் ஒலித்த 'எஞ்சாய் எஞ்சாமி' பாடலிலிருந்து தங்களுக்கு வருமானம் வரவில்லை என்று அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனே 2024 மார்ச்சில் காணொளியில் சொல்ல வேண்டியிருந்தது. அவருடைய நிலையே அதுவென்றால், படுக்கையறையில் உட்கார்ந்து வேலை செய்கிறவரிடம் வந்து ஒப்பந்தம் ஏன் போடவில்லை என்று மட்டும் கேட்டுவிட்டுப் போவது எளிதாக இருக்கிறது.

நான் தொழில் கற்றது சாலிகிராமத்தில், கீபோர்டிலும் கணினியிலும் இசையைக் கட்டமைக்கும் ஒரு கீபோர்டு புரோகிராமரிடம். 1990களின் தொடக்கத்திலிருந்து சினிமாப் பாடல்களுக்கு ரிதமும் ஸ்ட்ரிங்ஸும் புரோகிராம் செய்தவர். கேசட் அட்டையில் இசையமைப்பாளர், பாடியவர்கள், பாடலாசிரியர் பெயர்கள் இருக்கும். அவர் பெயர் இருக்காது. சிடி வந்தது, அதிலும் இல்லை. மூன்று வருடங்களுக்கு முன் அவர் இறந்தார். காரியம் முடிந்த சில நாட்களில் அவருடைய மகள் ஒரு கோடு போட்ட நோட்டோடு என் வீட்டுக்கு வந்தாள். அப்பா வேலை செய்த பாடல்களையெல்லாம் எழுதி வைக்க வேண்டும் என்றாள். இரண்டு மாலைகள் உட்கார்ந்தோம். நான் அவரோடு இருந்த வருடங்களின் பாடல்களைச் சொல்ல முடிந்தது. அதற்கு முந்தையவற்றை அவள் கைப்பேசியில் ஒவ்வொன்றாக ஒலிக்கவிட்டு, "இது அப்பாவாண்ணா?" என்று கேட்டாள். டிரம்ஸில் ஹைஹாட் என்கிற ஜோடித் தாளத்தட்டு போகும் விதத்தை வைத்துச் சிலவற்றை அடையாளம் கண்டேன். மற்றவற்றுக்கு, "இருக்கலாம்மா" என்றேன். நோட்டில் அந்தப் பாடல்களுக்கு நேரே அவள் கேள்விக்குறி போட்டுக்கொண்டே போனாள். தன் தகப்பன் முப்பது வருடம் செய்த வேலைக்கு நேரே.

அந்த நோட்டைப் பார்த்தவன் நான். "ஒரு பேருக்காக இவ்வளவு பேசணுமா?" என்று என்னிடம் கேட்காதீர்கள்.

சின்னப் பையன், விட்டுவிடுங்கள் என்கிறவர்களுக்கு: அவர் மீது எனக்குப் பகையில்லை. நல்ல குரல், இன்னும் நன்றாகப் பாடுவார். அவருடைய குடும்பத்தை இழுத்துக் கருத்து எழுதியவர்கள் தயவுசெய்து அதை நீக்கிவிடுங்கள். எனக்காகப் பேசுவதாக நினைத்து அதைச் செய்யாதீர்கள். மாமாவின் பெயரை எங்கிருந்தும் எடுக்கச் சொல்லவும் இல்லை. பணம் போட்டவர் என்று குறிப்பில் முதல் வரியிலேயே அவரைப் போடட்டும்.

ஸ்பாட்டிஃபை போன்றவற்றுக்குப் பாடலை அனுப்பும் விநியோகத் தளத்துக்குள் போய் அந்த ஒரு கட்டத்தைத் திருத்தச் சில நிமிடங்கள்தான் ஆகும். திங்கட்கிழமை காலையில் என் பெயரை, முதலெழுத்தோடு, எப்படி எழுத வேண்டுமோ அப்படியே தட்டச்சு செய்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். படித்துவிட்டார். இன்று வியாழக்கிழமை. இதை எழுதுவதற்கு முன் மறுபடி திறந்து பார்த்தேன்; மாமாவின் பெயர்தான் இருக்கிறது.