யாருக்கு உபரி?

தீர்மானத்தின் படம் எல்லா வாட்ஸப் குழுவிலும் சுற்றிவிட்டது, அதனால் கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரு பொதுச் சந்து, அதைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு விற்கலாம் என்று ஊர் நிர்வாகம் போட்ட தீர்மானம் அது. 'உபயோகமற்ற துண்டு நிலம், அடுத்துள்ள மனைதாரருக்கு வழிகாட்டி மதிப்பில் கிரயம் கொடுக்கப் பரிந்துரை.' நாலடி அகலம், நூற்றுப் பத்தடி நீளம். ஏறக்குறைய ஒரு சென்ட். உபயோகமற்றது என்று முடிவு செய்தது யார்?

எங்கள் ஊர் வீடுகள் இந்தத் தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டுமாக நீள்பவை. வளவில், அதாவது நடு முற்றத்தில், விழுகிற மழை சந்துக்கு வரும், சந்திலிருந்து ஊருணிக்குப் போகும். போன ஐப்பசியில் கணுக்கால் அளவு தண்ணீர் அந்தச் சந்தில் ஓடியதை நின்று பார்த்தேன். வேப்பஞ்சருகும் ஒற்றை ரப்பர் செருப்பும் மிதந்து போயின. பார்வையிட வந்த அதிகாரி சித்திரையில் வந்திருப்பார். சித்திரையில் பார்த்தால் எங்கள் ஊருணியும் உபரிதான், அதையும் பிளாட் போடலாம்.

அப்புறம் அந்த 'மனைதாரர்'. ஒருமை! சந்துக்கு இரண்டு பக்கம் உண்டு சாமி. மேல்பக்கம் அவர், கீழ்ப்பக்கம் நாங்கள். எங்களுக்கு ஒரு துண்டுச்சீட்டு வரவில்லை. 'உங்க வீட்டுக்குப் பதினேழு பங்காளி, பாதிப் பேர் மலேசியாவுல, யார்கிட்ட கேக்குறது?' என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சரிதான். வீட்டு வரி பாக்கிக்கு நோட்டீஸ் ஒட்டும்போது மட்டும் எங்கள் கதவு அவர்கள் கண்ணுக்குத் தெரிகிறதே, அது எப்படி?

குப்பை மண்டிக் கிடக்கிறது, அவராவது சுத்தமாக வைத்திருப்பார் என்கிறார்கள். குப்பை அள்ள வேண்டியவர்களே குப்பையைக் காரணம் காட்டி விற்பதா? இதற்கு மேல் பதில் இல்லை.

இன்னொருவர் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தை இழுக்கிறார். அங்கே காலி மனையைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு 100 டாலருக்குக் கொடுக்கிறார்கள், உண்மை. 1950இல் 18 லட்சத்துக்கு மேல் இருந்த ஜனம் 2020இல் ஆறரை லட்சம்கூட இல்லாத ஊர் அது. ஆளில்லாமல் இடிந்துபோன வீட்டின் மனையை, புல் வெட்டவாவது ஒருவர் இருக்கட்டும் என்று கொடுக்கிறார்கள். தண்ணீர் போகிற வழியை இல்லை.

'அவர் ஏற்கெனவே சுவர் எழுப்பிட்டாரு, காசையாவது வாங்கிக்கலாமே?' இதே யோசனைதான் பஞ்சாபில் பட்டியாலா பக்கம் ஒரு கிராமத்துக் குளத்தில் நடந்தது. குளத்தைத் தூர்த்து வீடு கட்டியவர்களிடம் கிரயத்தொகை வாங்கிக்கொள்ளச் சொன்னார் கலெக்டர். செல்லாது, காலி செய் என்று 2011இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எத்தனை வருஷம் இருந்தாய், எவ்வளவு செலவு செய்தாய் என்பதெல்லாம் கணக்கில்லை என்றும் சொன்னது.

இனி, எல்லோரும் மனசுக்குள் நினைப்பது: 'இவனுக்குக் கிடைக்கலை, அதான் எரியுது.'

ஆமாம், நாங்களும் கேட்டோம். 1994இல் அப்பச்சி, என் அப்பா, மனு எழுதினார். 'நீர்வழி, கிரயம் கொடுக்க இயலாது' என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அதோடு, எங்கள் துவைகல் ஒன்றரை அடி சந்துக்குள் நீட்டியிருந்ததற்கு பி-மெமோவும், அதாவது ஆக்கிரமிப்பு நோட்டீஸும், வந்தது. அபராதம் கட்டினார். மறுநாள் காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கொத்தனாரைக்கூடக் கூப்பிடாமல், கடப்பாரையால் அவரே பெயர்த்தார். ஆத்தா துவைத்துக்கொண்டிருந்த கல். 'ஊர்த் தண்ணி போற வழிடா, அவுக சொல்றது சரிதான்' என்றார். சாகும்வரை அதைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை.

அன்று நீர்வழி, இன்று உபரி. தண்ணீர் ஆளைப் பார்த்தா ஓடுகிறது?

பழைய வண்டிப்பாதை, செத்த சந்து எதையுமே விற்காதே என்று சொல்ல வந்தேன் என்று நினைக்காதீர்கள். இரண்டு பக்கத்தையும் கேள், நில அளவைப் புலப்படத்தைப் பார், மழையில் ஒரு தரம் வந்து நில் என்றுதான் எழுத ஆரம்பித்தேன். இப்போது அதைச் சொல்லவும் மனசு வரவில்லை. எனக்கும் வேண்டாம், அவருக்கும் வேண்டாம், அந்த நாலடி அப்படியே கிடக்கட்டும்.

டிரங்குப் பெட்டியில் அப்பச்சியின் கடிதமும் அபராத ரசீதும் கிடைத்தன. நாலு செட் ஜெராக்ஸ் போட்டாயிற்று. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கிறேன். லைக் போடுகிறவர்களில் யாராவது இரண்டு பேர் கூட வந்தால் நல்லது.