நெருப்புக்குப் பயந்த புனிதை

மே மாதக் கடைசியில் புனித ஜோன் ஆஃப் ஆர்க் திருநாள் வந்தால் கவசம், குதிரை, கொடி என்றே பேசி முடித்துவிடுகிறோம். பிரான்சில் தோம்ரெமி என்ற சிற்றூரில் குடியானவர் வீட்டில் பிறந்தவள், எழுதப் படிக்கத் தெரியாதவள். கடவுள் அனுப்பும் குரல்கள் தனக்குக் கேட்பதாகச் சொல்லி, ஆண் உடையில் ஆங்கிலேயருக்கு எதிரான போருக்குப் போனாள். 1429 மே மாதம், அவர்கள் ஓர்லியன்ஸ் நகரைச் சுற்றிப் போட்டிருந்த முற்றுகை உடையக் காரணமானாள். ஜூலையில் ரைம்ஸ் பேராலயத்தில் பிரெஞ்சு அரசர் ஏழாம் சார்லஸுக்கு முடிசூட்ட வைத்தாள். பெரிய விஷயம்தான். ஆனால் நான் அவளைக் கைகூப்புவது 1431 மே 24 முதல் 28 வரையிலான அந்தச் சில நாட்களுக்காக.

ஆங்கிலேயரோடு சேர்ந்திருந்த பர்கண்டிப் பகுதிப் படையினர் அவளைப் பிடித்துக் கொடுத்தார்கள், ஆங்கிலேயர் காசு கொடுத்து வாங்கினார்கள். திருச்சபை விசாரணை என்று பெயர். அடைத்து வைத்ததோ ரூவான் கோட்டையில், விலங்கு மாட்டி, ஆங்கிலேயக் காவலர்கள் நடுவில். எதிரே படித்த இறையியலாளர்கள். “நீ கடவுளின் அருள்நிலையில் இருக்கிறாயா?” என்று ஒரு கேள்வி. ஆம் என்றால் ஆணவம், இல்லை என்றால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். “இல்லையென்றால் கடவுள் என்னை அதில் சேர்க்கட்டும், இருந்தால் அதிலேயே காக்கட்டும்” என்றாள். எத்தனை தடவை படித்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கும்.

அப்படிப்பட்டவளும் பயந்தாள். மே 24 அன்று கல்லறைத் தோட்டத்தில் மேடை போட்டு, கூட்டத்தின் முன் நிறுத்தித் தீர்ப்பை வாசிக்கத் தொடங்கியதும் நடுங்கிப்போய், தனக்குக் கேட்ட குரல்களை மறுத்து, ஆண் உடையையும் விட்டுவிடுவதாக ஒரு தாளில் அடையாளமிட்டாள். மரண தண்டனை ஆயுள் சிறையானது.

நான்கே நாள். மே 28-ல் நீதிபதிகள் சிறைக்கு வந்தபோது மறுபடி ஆண் உடையில் இருந்தாள். குரல்கள் திரும்பக் கேட்டனவா என்றார்கள். கேட்டன என்றாள். உயிருக்காக மறுத்தது துரோகம், நெருப்புக்குப் பயந்துதான் அப்படிச் சொன்னேன் என்றாள். ‘சாவைக் கொண்டுவரும் பதில்’ என்று எழுத்தர் ஓரத்தில் லத்தீனில் குறித்தார். விசாரணைப் பதிவில் அந்தக் குறிப்பு இன்றும் இருக்கிறது.

இயேசுவின் சீடர் பேதுருவும் சேவல் கூவுமுன் அவரை மறுதலித்தவர்தானே? பயமே அறியாத ஒருத்தி என்றால் நம்மைப் போன்றவர்களுக்கு அவள் எட்டாத உயரம். இவள் சறுக்கினாள், அப்புறம் என்ன நடக்கும் என்று நன்றாகத் தெரிந்தே திரும்பி வந்தாள். அந்தத் திரும்பலைத்தான் நான் விசுவாசம் என்பேன்.

மே 30 காலையிலும் அழுதாள். எரிவதைவிட ஏழு தடவை தலை வெட்டுப்படலாமே என்று புலம்பினாள். நற்கருணை வாங்கினாள். சந்தைத் திடலில், தன் கண்ணுக்கு நேரே சிலுவையைப் பிடிக்கச் சொன்னாள். பக்கத்துக் கோயிலிலிருந்து கொண்டுவந்து பிடித்தார்கள். இயேசுவே, இயேசுவே என்று கூவியபடி உயிர்விட்டாள். 19 வயதுதான் இருக்கும்.

தண்டித்தவர் ஓர் ஆயர், பியர் கோஷோன். 1455-ல் அவளுடைய வயதான தாய் இசபெல், பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்தில் திருத்தந்தையின் பிரதிநிதிகள் முன் நின்று நீதி கேட்டார். அடுத்த வருடம் தீர்ப்பு ரத்தானது. 1920-ல்தான் புனிதர் பட்டம்.

மறைக்கல்வி வகுப்பு எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பிள்ளைகளிடம் இவளைப் பற்றிப் பேசும்போது அந்த மே 24-ஐயும் சேர்த்தே சொல்லுங்கள்.