கொஞ்சம் சத்தத்தைக் குறைங்க

எங்கள் வீட்டு ரிமோட்டில் முதலில் தேய்ந்துபோனது ஒலியைக் குறைக்கும் பொத்தான்தான். அதிலிருந்த கோடு அழிந்தே போய்விட்டது. ஐபிஎல் நடக்கும் இரண்டு மாதமும் நான் அதிலேயே கட்டைவிரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். "மேட்ச் பாக்குறீங்களா, ஊமைப்படம் பாக்குறீங்களா?" என்று மனைவி கேட்பாள். ஊமைப்படம் எவ்வளவோ மேல்.

தமிழில் வர்ணனை வேண்டாம் என்று சொல்லும் ஆள் இல்லை நான். 2018இல் ஐபிஎல் முழுவதையும் தமிழில் கேட்கலாம் என்றானபோது சந்தோஷப்பட்டவன். முன்னாள் கேப்டன் ஸ்ரீகாந்த் பேசினால் இன்றும் சத்தத்தைக் கூட்டுவேன். திண்ணையில் உட்கார்ந்து பழைய கதை பேசும் சித்தப்பா மாதிரி அவர் எங்கோ ஆரம்பித்து எங்கோ போய் நிற்பார். ஆனால் நடுவில் ஒரு பேட்ஸ்மேனின் கால் ஏன் நகரவில்லை என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார். என் எரிச்சல் வேறு. பந்து பேட்டில் படாமல் கீப்பர் கைக்குப் போனதற்கெல்லாம் தொண்டை கிழியக் கத்துகிறவர்கள்மேல்தான். அதைப் பொறுத்துக்கொண்டாலும், ஓவர் முடிந்தாலோ விக்கெட் விழுந்தாலோ அந்த நொடியில் விளம்பரம் வந்து விழும். அவுட்டானவன் தலையைக் குனிந்து நடக்கிறானா, அம்பயரை முறைத்துக்கொண்டு போகிறானா என்று பார்க்க எனக்கு ஆசை. அதற்குள் பான் மசாலா வந்துவிடும்.

நான் டிவியில் பார்த்த கிரிக்கெட்டிலேயே எனக்கு மிகப் பிடித்தது 2021 ஜனவரி 11, சிட்னி டெஸ்டின் கடைசி நாள். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இந்தியாவுக்கு 407 இலக்கு. பந்த் அடித்தபோது ஜெயித்துவிடுவோம் என்றுகூட ஆசை வந்தது. அவரும் புஜாராவும் போனபிறகு தப்பித்தால் போதும் என்றாகிவிட்டது. களத்தில் தொடையில் தசை பிடித்துக்கொண்ட விஹாரி, முதுகு வலியோடு அஷ்வின். ரன் ஓடக்கூட முடியாத இரண்டு பேர் 259 பந்துகளைக் கட்டை போட்டே கழித்தார்கள். சேர்த்த ரன் 62. சொல்லப்போனால் நடந்தது ஒன்றுமே இல்லை. ஆனால் ஸ்டம்ப் மைக் இருந்தது. ஆந்திராக்காரரான விஹாரியிடம் அஷ்வின் தமிழில் பேசுகிறார்: மாமா, பத்துப் பத்துப் பந்தாகப் போவோம் என்று. எங்கள் தெருவில் பையன்கள் பேசுகிற அதே 'மாமா' சிட்னி ஆடுகளத்திலிருந்து வருகிறது! பின்னால் நின்ற ஆஸ்திரேலிய கீப்பர் டிம் பெய்ன், அடுத்த டெஸ்டுக்குப் பிரிஸ்பேனின் காபா மைதானத்துக்கு வா, பார்த்துக்கொள்கிறேன் என்கிற தோரணையில் வம்பிழுத்தார். கொஞ்ச நேரத்தில் விஹாரி கொடுத்த கேட்சை அவரே கோட்டைவிட்டார். இதையெல்லாம் எந்த வர்ணனையாளரும் எனக்கு விளக்கவில்லை. விளக்கியிருந்தால் கெட்டுப்போயிருக்கும். படத்தில் தெரிவதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லையென்றால் வாயை மூடிக்கொள்வதையே ஆஸ்திரேலிய வர்ணனையாளர் ரிச்சி பெனோ ஒரு கலையாக வைத்திருந்தார். அவரோடு அது போய்விட்டது.

கிரிக்கெட்டைவிட நம் ஊரில் உருப்படியாக ஒளிபரப்பாவது கபடி என்பது என் கட்சி. 2014இல் புரோ கபடி வந்தபோது, மண்ணில் புரண்டு ஆடுகிற ஆட்டத்தை மேட் விரிப்பில் போட்டு, வண்ண விளக்கு அடித்துக் கெடுக்கப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். முதல் வாரமே என் நினைப்பு தப்பென்று தெரிந்துவிட்டது. எதிரணிப் பக்கம் பாடிப் போகிற ரெய்டுக்கு 30 நொடி. கடிகாரம் திரையிலேயே ஓடுகிறது. இரண்டு ரெய்டு வெறுமனே போனால் மூன்றாவதில் பாயிண்ட் எடுத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் அவுட். இந்தக் கணக்கு புரிந்துவிட்டால் எண்பது வயது அம்மாவும் சீட் நுனிக்கு வந்துவிடுகிறார். ஐபிஎல்லில் டைம் அவுட் என்றால் விளம்பரம். இங்கே டைம் அவுட்டில் கோச்சின் குரலைக் கேட்க வைக்கிறார்கள். ஹரியானா இந்தியில் அவர் திட்டுவதில் எனக்குப் பாதி புரியாது; ஆனால் யாருக்குத் திட்டு விழுகிறது என்பது அந்தப் பையன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். நாற்பதைத் தாண்டியும் களத்தில் நின்று கணுக்காலைப் பிடித்த நம்ம சேரலாதனைப் பார்ப்பதற்காகவே, அவர் எந்த அணியில் இருந்தாரோ அந்த அணிக்குக் கட்சி மாறியிருக்கிறேன். தமிழ் தலைவாஸ் ரசிகர்கள் மன்னிக்கவும். உங்கள் பொறுமை எனக்கு இல்லை.

விளையாட்டு இல்லாத நாட்களில் எங்கள் வீட்டில் ஓடுவது குக் வித் கோமாளி. அதிலும் பழைய சீசன்களைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். புகழும் ஷிவாங்கியும் பண்ணுகிற அட்டகாசம் ஒரு பக்கம். எனக்குப் பிடித்தது, அத்தனை கூத்தும் முடிந்து நடுவர் வெங்கடேஷ் பட் ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைக்கிற இடம். இரண்டு மூன்று நொடி யாரும் மூச்சு விடமாட்டார்கள். சமைத்தவர் கண்ணில் உண்மையான பயம் தெரியும். அங்கே போய் 'டொய்ங்' என்று ஒரு சத்தத்தைச் சேர்க்கிற எடிட்டர் மட்டும் என் கையில் கிடைத்தால்... சரி, விடுங்கள்.

நீயா நானாவிலும் இதே கதைதான். ஒரு அம்மா தன் மகனைப் பற்றிச் சொல்லச் சொல்லக் குரல் உடையும். அந்தக் குரலே போதும். அதற்குள் வயலின் ஆரம்பித்துவிடும், எனக்கு வந்த கண்ணீர் உள்ளே போய்விடும்.

எங்கள் ஊரில் பொங்கலுக்கு ராத்திரி கபடி நடக்கும்போது மைக்கில் ஒருவர் விடாமல் பேசிக்கொண்டே இருப்பார். யார் யார் 101 ரூபாய் கொடுத்தார்கள், எந்த ஊர் அணி தயாராக வேண்டும், பைக்கை யார் குறுக்கே நிறுத்தியது என்று வாய் ஓயாது. ஆனால் பாடிப் போனவனை நாலு பேர் அமுக்கி, அவன் கை நடுக்கோட்டை நோக்கி நீளுகிற நேரம் மைக் சத்தம் நின்றுவிடும். ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். மனிதர் மைக்கை மடியில் போட்டுவிட்டு நாற்காலிமேல் ஏறி நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.