தலைமையாசிரியர் ஆவதற்கு முன்பே படிக்க வேண்டும்

பள்ளித் தலைமைத்துவத்தில் இணையவழி முதுநிலைப் பட்டம் படிக்கிறேன் என்றதும் ஆசிரியர் அறையில் எழுந்த முதல் கேள்வி, "கூடுதல் பட்டத்துக்குத் தரும் ஊக்க ஊதியம்தான் 2020இலேயே போய்விட்டதே, பிறகு எதற்கு?" என்பதுதான். கேள்வியில் நியாயம் இருக்கிறது. உழைத்துப் படிப்பவருக்கு அரசு ஏதாவது தரத்தான் வேண்டும். ஆனால் நான் சேர்ந்தது அதற்காக அல்ல.

நம் அரசுப் பள்ளிகளில் பணிமூப்புப் பட்டியலில் பெயர் மேலே வரும், கலந்தாய்வில் ஊர் கிடைக்கும், உடனே தலைமையாசிரியர். அதுவரை கணக்குப் பாடம் மட்டுமே எடுத்தவர் சம்பளப் பட்டியலை அன்றுதான் தொடுகிறார். அதையாவது அலுவலக இளநிலை உதவியாளர் சொல்லிக் கொடுத்துவிடுவார். சக ஆசிரியரின் வகுப்பில் அமர்ந்து பார்த்துவிட்டு, அவர் மனம் நோகாமல் குறையைப் பேச யார் சொல்லிக் கொடுப்பார்? கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். அவர்களைக் கையெழுத்துக்கு மட்டும் அழைக்காமல், பள்ளி வளர்ச்சித் திட்டத்தை அவர்களோடு உட்கார்ந்து எழுத யார் பழக்குவார்?

எங்கள் படிப்பில் வகுப்பறை உற்றுநோக்கல் ஓர் ஒப்படைப்பு. தோழி ஒருவரின் எட்டாம் வகுப்பில் அமர்ந்து, அவர் யாரிடமெல்லாம் கேள்வி கேட்கிறார் என்று இருக்கை வரைபடத்தில் குறித்தேன். ஜன்னலோரப் பெண்கள் வரிசைக்கு ஒரு கேள்விகூடப் போகவில்லை. படத்தை நீட்டினேன்; நான் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. "நாளைக்கு உங்கள் வகுப்புக்கு நான் வருகிறேன் டீச்சர்" என்றார். வந்தார், குறித்தார். இப்போது இன்னும் சிலர் கேட்கிறார்கள்.

இணையவழிப் படிப்பு மட்டம் என்பவர்களை நான் ஏற்கவில்லை. விடுப்பெடுத்துப் பல்கலைக்கழகத்தில் தங்கிப் படித்தால், இரவு படித்ததைக் காலையில் செய்து பார்க்கப் பள்ளி அருகில் இருக்காது. வீட்டையும் வேலையையும் சேர்த்துச் சுமக்கும் ஆசிரியைகளுக்கு வேறு வழியும் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020 விதிமுறைகள், அங்கீகாரம் பெற்ற இணையவழிப் பட்டத்தை நேரடிப் பட்டத்துக்கு இணையாகவே வைக்கின்றன. சேரும்முன் அந்த அங்கீகாரத்தைப் பார்த்துவிடுங்கள். சொந்தப் பள்ளியில் செய்யும் களப்பணி இல்லாமல், பக்கம் நிரப்பி அனுப்பினால் மதிப்பெண் தரும் படிப்பென்றால் சேரவே வேண்டாம்.

இங்கிலாந்தில் புதிய தலைமையாசிரியர்களுக்கு 2009 முதல் சில ஆண்டுகள் தனித் தகுதிப் படிப்பைக் கட்டாயமாக வைத்திருந்து, 2012இல் விருப்பத்துக்கு விட்டார்கள். இங்கே கட்டாயம்கூட வேண்டாம். பதவி உயர்வுப் பட்டியலை நெருங்கும் ஆசிரியர்களுக்கு, கலந்தாய்வுக்கு ஓராண்டு முன்பிருந்தே வாரம் ஒரு பிற்பகல் பாடவேளையிலிருந்து விலக்குத் தாருங்கள். கட்டணத்தில் ஒரு பங்கைத் துறை ஏற்கட்டும். படிக்க ஆசிரியர்கள் தயாராக இருக்கிறார்கள்.